மறைந்த பாடகர்களின் குரலில் வரும் புதிய பாடல்களை நீங்கள் எப்படிக் கேட்கிறீர்கள்?

கேசட்காலம் கேட்டது:

2024-ஆம் ஆண்டில் மட்டும், மறைந்த நான்கு பாடகர்களின் குரல்கள் செயற்கை நுண்ணறிவின் துணையோடு தமிழ்த் திரைப்பாடல்களில் மீண்டும் ஒலித்தன. ஜனவரியில் 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாடலில் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகிய இருவரின் குரல்களையும் ஏ.ஆர்.ரகுமான் கொண்டுவந்தார். ஜூனில் 'கோட்' படத்தின் 'சின்னச் சின்னக் கண்கள்' பாடலில் தம் அக்கா பவதாரிணியின் குரலை யுவன் சங்கர் ராஜா ஒலிக்கச் செய்தார். செப்டம்பரில் 'வேட்டையன்' படத்தின் 'மனசிலாயோ' பாடலில், 2011-இல் மறைந்த மலேசியா வாசுதேவனின் குரலை அனிருத் பயன்படுத்தினார். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் பரபரப்பாகப் பேசிவிட்டு நாம் அடுத்த செய்திக்குப் போய்விட்டோம் என்பதால், சற்று நிதானமாக இதைப் பற்றிப் பேசலாம் என்று இங்கே கேட்கிறேன்.

இந்த மூன்று பாடல்களும் எனக்கு ஒரே மாதிரியான உணர்வைத் தரவில்லை. 'மனசிலாயோ'வை எந்த நெருடலும் இல்லாமல் ரசித்தேன். ரஜினிகாந்துக்கு அந்தக் குரல் மீண்டும் கிடைத்ததில் ஒரு திருவிழாக் குதூகலம் இருந்தது. பவதாரிணி பாடலை ஒருமுறை கேட்டேன், பிறகு கேட்க மனம் வரவில்லை. பெங்களூரில் அந்த மெட்டை அமைத்துக்கொண்டிருந்தபோது அக்கா குணமாகி வந்ததும் அவரைப் பாட வைக்கலாம் என்று நினைத்ததாகவும், ஒரு மணி நேரத்தில் அவர் மறைந்த செய்தி வந்ததாகவும் யுவன் எழுதியதைப் படித்த பிறகு, அந்தப் பாடலை ஒரு பாடலாக மட்டும் கேட்பது எனக்கு இயலாததாகிவிட்டது. 'திமிறி எழுடா'வோ துயரத்தையும் தரவில்லை, மகிழ்ச்சியையும் தரவில்லை. 1998-இல் விபத்தில் இறந்த சாகுல் ஹமீதும் 2022-இல் இறந்த பம்பா பாக்யாவும் ஒரே பாடலில் சேர்ந்து பாடுவதாகக் கேட்கும்போது, இது யாருடைய விருப்பத்தின்பேரில் நடக்கிறது என்ற கேள்விதான் மனத்தில் எழுந்தது.

இருவரின் குடும்பத்தாரிடமும் அனுமதி பெற்று, உரிய ஊதியமும் அனுப்பியதாகவும், சரியாகப் பயன்படுத்தினால் தொழில்நுட்பம் அச்சுறுத்தல் ஆகாது என்றும் ரகுமான் அப்போதே விளக்கினார். அவர் நேர்மையாகத்தான் நடந்துகொண்டார். ஆனாலும், ஒரு பாடகர் தம் வாழ்நாளில் எத்தனையோ பாடல்களை வேண்டாம் என்று மறுத்திருக்கக்கூடும். அவர் மறைந்த பிறகு அவருக்காகக் குடும்பத்தார் சொல்லும் 'சரி' அவருடைய 'சரி'க்கு ஈடாகுமா? என் எதிர்வினை பாடலுக்குப் பாடல் மாறுவதற்கு என் ரசனைதான் காரணமா, அல்லது அவை உருவான விதத்திலேயே வேறுபாடு இருக்கிறதா? தொழில்நுட்பம் வேண்டுமா வேண்டாமா என்ற பட்டிமன்றத்தைத் தவிர்த்து, கேட்டவர்களும் துறையில் இருப்பவர்களும் தாங்கள் உணர்ந்ததை எழுதினால் நன்றாக இருக்கும்.

ஒலிப்பதிவறை எழுதியது:

நான் சென்னையில் ஒலிப்பதிவுத் துறையில் பணிபுரிகிறேன். நீங்கள் குறிப்பிட்ட பாடல்களில் எதிலும் எனக்குப் பங்கு இல்லை. ஆனால் இந்த முறை எப்படி இயங்குகிறது என்பதைச் சொல்ல முடியும், உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடையின் பெரும்பகுதி அதிலேயே இருக்கிறது.

பாடல் வரியையும் மெட்டையும் கணினியிடம் கொடுத்தால் அது மலேசியா வாசுதேவனைப் போலப் பாடிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நடைமுறையில் பெரும்பாலும் நடப்பது குரல் மாற்றம். முதலில் உயிரோடு இருக்கும் ஒருவர் ஒலிவாங்கியின் முன் நின்று பாடலை முழுமையாகப் பாடுகிறார். பிறகு, மறைந்தவரின் பழைய பதிவுகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட ஒரு கணினி மாதிரி (மாடல்), பாடியவரின் குரல் வண்ணத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மறைந்தவரின் குரல் வண்ணத்தைப் பொருத்துகிறது. சுருதி, தாளத்தில் எந்த அட்சரத்தை முன்தள்ளி எதைப் பின்தள்ளுவது, எங்கே மூச்சு எடுப்பது, சங்கதியை, அதாவது வரியை அலங்கரிக்கும் சுர நெளிவை, எவ்வளவு அழுத்திப் போடுவது, நீட்டிப் பிடிக்கும் கார்வையை எப்போது விடுவது ஆகிய அனைத்தும் அடிப்படையாகப் பாடியவருடையவையாகவே இருக்கும். பாடுவது என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதில் முக்கால்வாசி இந்த முடிவுகள்தாம்.

'மனசிலாயோ' உங்களுக்கு இயல்பாக ஒலித்ததன் காரணம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதில் தந்தையின் குரலுக்கு அடிப்படையாகப் பாடியவர் அவருடைய மகன் யுகேந்திரன். தந்தை பாடுவதைக் குழந்தைப் பருவத்திலிருந்து அருகில் நின்று கேட்டவர், அவருடைய உச்சரிப்பையும் சொல்லை எறியும் விதத்தையும் யாரும் கற்றுக்கொடுக்காமலே உள்வாங்கியவர். குரலமைப்பிலும் ஒற்றுமை உண்டு. எனவே மாதிரி செய்ய வேண்டியிருந்த வேலை குறைவு.

பழைய பாடகர்களிடம் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மாதிரியைப் பயிற்றுவிக்க வாத்தியங்கள் கலக்காத தூய குரல் தேவை. எண்பதுகளின் தமிழ்ப் பாடல்கள் பெரும்பாலும் பாடகரும் வாத்தியக் குழுவும் ஒரே நேரத்தில் வாசித்துப் பாடிப் பதிவானவை. தனித்தனித் தடங்களாக இன்று கிடைப்பது அரிது. ஆகவே வெளியான பாடலிலிருந்தே குரலைப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது. அப்படிப் பிரிக்கும்போது தபேலாவின் ஓசையில் ஒரு துளியும் அன்றைய ஒலிக்கூடத்தின் எதிரொலியும் குரலோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும், மாதிரி அதையும் குரலின் பகுதி என்றே கற்றுக்கொள்ளும். செவியணி (ஹெட்போன்) போட்டுக்கொண்டு கேளுங்கள்: 'ச', 'ஸ' ஒலிகளிலும், ஒரு வரி முடிந்து மூச்சு அடங்கும் இடத்திலும் தகரத்தைத் தேய்த்தது போன்ற ஒரு மினுமினுப்புக் கேட்கும். உச்ச வாத்திய முழக்கமுள்ள குத்துப்பாட்டில் அது அமுங்கிவிடும். மெல்லிய தாலாட்டில் அமுங்காது.

இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று, பீட்டில்ஸ் குழு 2023 நவம்பரில் வெளியிட்ட 'நவ் அண்ட் தென்'. ஜான் லெனன் எழுபதுகளின் இறுதியில் வீட்டில் பியானோ வாசித்தபடி கேசட்டில் பதிந்து வைத்திருந்த பாடல் அது. தொண்ணூறுகளில் அதை முழுமையாக்க மற்றவர்கள் முயன்றும் ஒலித்தரம் போதாமல் கைவிட்டார்கள். பிறகு கணினி, பியானோவிலிருந்து அவர் குரலைப் பிரித்துக் கொடுத்தது. அங்கே பாடியது லெனனேதான். இரண்டையும் செய்தித்தாள்கள் 'செயற்கை நுண்ணறிவுப் பாடல்' என்ற ஒரே தலைப்பில் அடைத்துவிடுகின்றன.

ஈப்போ ரசிகர் எழுதியது:

நான் மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். இந்த நாட்டிலிருந்து நடிக்கும் ஆசையோடு சென்னைக்குப் போய், பாடகராக நிலைபெற்று, ஊரின் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டவர் வாசுதேவன். எங்கள் பக்கத்துத் திருமண விருந்துகளில் 'பொதுவாக எம்மனசு தங்கம்' ஒலிக்காமல் இலை எடுத்ததாக எனக்கு நினைவில்லை. 1980-இல் வந்த 'முரட்டுக்காளை'யின் பாடல் அது. அதன் பிறகு பிறந்தவர்கள்கூட அதற்கு எழுந்து ஆடுகிறார்கள். ஆகவே 'மனசிலாயோ' வெளிவந்த நாளில் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தத்துவச் சிக்கல் எழவில்லை. அந்தக் கட்டைக் குரல் ஒலித்த உடனே என் அண்ணன் ஒலியைக் கூட்டச் சொன்னார்.

ஆயினும் நண்பர் ஒலிப்பதிவறையின் விளக்கத்தைப் படித்த பிறகு ஒன்று தோன்றுகிறது. வாசுதேவன் என்றால் கொண்டாட்டப் பாட்டு என்று பலர் நினைப்பதே ஒரு குறை. 'முதல் மரியாதை'யில் எஸ்.ஜானகியுடன் அவர் பாடிய 'பூங்காற்று திரும்புமா' என்ற பாடலைக் கேட்டவர்கள், அந்தக் குரலின் உண்மையான வீச்சு ஆரவாரத்தில் இல்லை என்பதை அறிவார்கள். பெரிய ஜாலங்கள் எதுவும் காட்டாமல், வயதான கிராமத்து மனிதர் ஒருவரின் களைப்பைச் சொற்களின் முடிவில் மட்டும் தொட்டுக் காட்டிவிட்டு விலகியிருப்பார். அந்த வகைப் பாடல் ஒன்றை அவர் குரலில் இன்று புதிதாகச் செய்தால் நான் கேட்க மாட்டேன் என்று நினைக்கிறேன். கொண்டாட்டப் பாட்டில் குரல் ஓர் அடையாளம். சோகப் பாட்டில் அது ஒரு மனிதர். கேசட்காலம் கேட்டதற்கு என் பங்கில் இதுதான் பதில்.

மேடைப்பாடகி எழுதியது:

மெல்லிசைக் குழுக்களில் பாடி வருபவள் நான். இசையமைப்பாளர்களுக்கு டிராக் பாடிக் கொடுப்பதும் உண்டு. இங்கே பேச்சு முழுவதும் மறைந்தவர்களைப் பற்றியே நடப்பதால், ஒலிவாங்கியின் முன் நிற்கும் அந்த 'உயிரோடு இருக்கும் ஒருவர்' பற்றிக் கொஞ்சம் சொல்ல விரும்புகிறேன்.

டிராக் பாடுவது என்பது எங்கள் துறையில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். பெரிய பாடகர் வருவதற்கு முன், பாடல் எப்படி வரும் என்று இயக்குநருக்குக் காட்டுவதற்காக நாங்கள் பாடி வைப்போம். அவர் வந்து கேட்டுவிட்டுத் தம் பாணியில் பாடுவார், எங்கள் பதிவு அழிக்கப்படும். அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை, ஏனென்றால் அவர் மறுபடியும் பாடுகிறார். அரிதாகச் சில நேரங்களில், டிராக் பாடியவரின் குரலே நன்றாக இருக்கிறது என்று படத்தில் இடம்பெற்றுவிடும். அந்த நம்பிக்கையில்தான் எங்களில் பலர் குறைந்த ஊதியத்துக்கும் போய்வருகிறோம். குரல் மாற்றத்தில் இந்த இரண்டும் இல்லை. என் சங்கதிகளும் என் மூச்சும் அப்படியே பாடலில் இருக்கும், ஆனால் என் குரல் மட்டும் இருக்காது. யாரும் மறுபடி பாடவும் மாட்டார்கள். இப்படி ஒரு வேலைக்கு என்னை அழைத்தார்கள். பெயர் எங்கே வரும் என்று கேட்டபோது, 'பெயர் போட்டால் மந்திரம் கலைந்துவிடுமே' என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். நான் போகவில்லை. வேறு யாரோ போயிருப்பார்கள், அவர்களை நான் குறை சொல்லவும் மாட்டேன்.

பம்பா பாக்யாவின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2010-இல் 'இராவணன்' படத்தின் 'கெடாக் கறி' பாடலில் பல குரல்களுள் ஒன்றாக அவர் ஒலித்தபோது அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? 2018-இல் '2.0' படத்தின் 'புள்ளினங்காள்' வந்த பிறகுதான் அந்த ஆழமான, கரகரப்பில்லாத கீழ்ஸ்தாயிக் குரலுக்கு ஒரு முகம் கிடைத்தது. 2022 ஜூலை இறுதியில் 'பொன்னி நதி' வெளியாகி, ஊரே அதைப் பாடிக்கொண்டிருந்தபோது, செப்டம்பர் தொடக்கத்தில் மறைந்துவிட்டார். ஒரு பாடகர் கூட்டுக்குரலிலிருந்து முன்வரிசைக்கு வர எட்டு ஆண்டுகள் ஆயின. முன்வரிசையில் அவர் நின்றது நான்கே ஆண்டுகள். அந்த இடத்தை நிரப்ப இன்று அவர் குரலையே மறுபடி அழைத்தால், எங்கோ ஒரு குழுவில் கூட்டுக்குரலாக நின்றுகொண்டிருக்கும் அடுத்தவர் எப்போது முன்னால் வருவார்? ரகுமான் சார் புதிய குரல்களைத் தேடிக் கொண்டுவருவதில் யாருக்கும் சளைத்தவர் அல்லர்; சாகுல் ஹமீதின் குரலை 'உசிலம்பட்டி பெண்குட்டி' மூலமும், வாத்தியங்களை ஒதுக்கிவைத்துக் கூட்டுக்குரல்களின் நடுவே அமைத்த 'ராசாத்தி' மூலமும் நம் மனத்தில் பதித்தவர் அவர்தாம். அதனால்தான் அவரிடமிருந்து இது வந்தபோது எனக்குச் சற்று வருத்தமாக இருந்தது.

சட்டம் படித்தவன் எழுதியது:

அனுமதி பற்றிய கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு, நிகழ்த்துகலைஞருக்கு அவருடைய நிகழ்த்துதலின் மீது 50 ஆண்டுகளுக்கு உரிமை தருகிறது. ஆனால் அது அவர் உண்மையில் பாடிய பதிவைப் பற்றியது. அவர் ஒருபோதும் பாடாத பாடல் ஒன்று அவர் குரலில் வந்தால் என்ன செய்வது என்பதைச் சட்டம் எழுதியவர்கள் கற்பனை செய்திருக்கவில்லை.

உயிரோடு இருப்பவருக்கு நீதிமன்றம் துணை நிற்கிறது. 2024 ஜூலையில் பாடகர் அரிஜித் சிங் தொடுத்த வழக்கில், அவர் குரலைப் போலி செய்யும் கருவிகளுக்கு எதிராகப் பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இறந்தவர்களின் நிலை வேறு. ஜெயலலிதாவின் வாழ்க்கையைத் தழுவிய படத்துக்கு எதிரான வழக்கில், ஒருவருடைய அந்தரங்க உரிமை அவரோடு முடிந்துவிடுகிறது, வாரிசுகளுக்குச் சேராது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் கூறியது. சுஷாந்த் சிங் ராஜ்புத் தொடர்பான வழக்கில் 2023-இல் டெல்லி உயர் நீதிமன்றமும் ஏறக்குறைய இதே திசையில்தான் சென்றது. அதாவது குடும்பத்தாரிடம் அனுமதி கேட்பது இன்றைய நிலையில் பெரும்பாலும் பண்பாடு சார்ந்த ஒன்று; கேட்காதவரைத் தடுக்க உறுதியான சட்டப்பிடி இல்லை. 'கீடா கோலா' என்ற தெலுங்குப் படத்தில் தம் தந்தை எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் குரலை அனுமதியின்றிச் செயற்கையாக உருவாக்கியதாகக் கூறி எஸ்.பி.சரண் நோட்டீஸ் அனுப்பியதை நீங்கள் படித்திருப்பீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க, அமெரிக்காவின் டென்னசி மாநிலம் 2024 மார்ச்சில் நிறைவேற்றிய சட்டம், ஒருவருடைய குரலையும் அவருடைய சொத்துரிமைக்குள் கொண்டுவந்துவிட்டது. அங்கே அந்த உரிமை இறப்புக்குப் பின்னும் குறைந்தது பத்தாண்டுகள் வாரிசுகளிடம் இருக்கும். நாஷ்வில் நகரின் இசைத்தொழில் அந்த மாநிலத்தில் இருப்பது தற்செயல் இல்லை. கோடம்பாக்கமும் இங்கேதான் இருக்கிறது என்று யாராவது சட்டமன்றத்தில் நினைவூட்டலாம்.

கேசட்காலம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பவதாரிணி பாடல் என்னை ஏன் அத்தனை பாதித்தது என்பதை இப்போது ஓரளவு புரிந்துகொள்ள முடிகிறது. அவருடைய குரல் எப்போதும் சற்றுத் தயங்கி ஒலிக்கும் குரல்; 'பாரதி' படத்தின் 'மயில் போல பொண்ணு ஒண்ணு' பாடலுக்குத் தேசிய விருது பெற்றுத் தந்தது அந்தத் தயக்கத்தின் அழகுதான். அப்படிப்பட்ட குரலில் கணினியின் வழவழப்பு சேரும்போது, ஈப்போ நண்பர் சொன்ன அந்த 'மனிதர்' இருக்கிறாரா இல்லையா என்று காது தேடிக்கொண்டே இருக்கிறது.

பாடகர் உயிரோடு இருந்து, தாமே சம்மதித்த ஓர் எடுத்துக்காட்டும் இருக்கிறது. அமெரிக்க நாட்டுப்புற இசைப் பாடகர் ராண்டி டிராவிஸ் 2013-இல் பக்கவாதத்தால் பாடும் திறனை இழந்தவர். 2024 மே மாதத்தில் வந்த அவருடைய புதிய பாடலுக்கு, அவருடைய பாடல்களை மேடைகளில் பாடிவந்த ஜேம்ஸ் டுப்ரே என்பவர் அடிப்படைக் குரல் கொடுத்தார். டிராவிஸ் உடனிருந்து ஒப்புதல் தந்தார். யார் பாடினார் என்பதையும் மறைக்கவில்லை. அதைக் கேட்டபோது எனக்கு எந்த உறுத்தலும் இல்லை. நம் ஊரிலேயே 'அண்ணாத்த' படத்தின் அறிமுகப் பாடலை எஸ்.பி.பி. உயிரோடு இருக்கும்போதே பாடி வைத்துவிட்டுப் போனார், அவர் மறைந்து ஓராண்டு கழித்து அது வெளியானது. அது அவர் பாடியது என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை, அழுதவர்களும் நிம்மதியாக அழுதார்கள்.

மேடைப்பாடகி அவர்களிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன்: பெயர் போட்டிருந்தால் நீங்கள் அந்த வேலைக்குப் போயிருப்பீர்களா?

மேடைப்பாடகி எழுதியது:

போயிருப்பேன். பெயரும், பாடகருக்கு உரிய ஊதியமும் கிடைத்திருந்தால் தயங்கியிருக்க மாட்டேன். எனக்குப் பிடித்த ஒரு பழைய பாடகியின் குரலுக்குள் நின்று பாடிப் பார்ப்பது எந்தப் பாடகிக்கும் ஆசையான வேலைதான். 'பாடியவர் இன்னார், குரல் வண்ணம் இன்னாருடையது' என்று இரண்டு வரி எழுத வேண்டும், அவ்வளவே. மந்திரம் கலைந்துவிடும் என்ற அச்சம் தேவையில்லை. 'மனசிலாயோ'வில் யுகேந்திரன் பெயரும் சேர்ந்தே வந்தது, யாரும் ஆடுவதை நிறுத்தவில்லை.

ஒலிப்பதிவறை எழுதியது:

பாடல் வரிக் காணொளியின் கீழே உள்ள விவரக்குறிப்பில் கிதார் வாசித்தவர், கூட்டுக்குரல் பாடியவர்கள், ஒலிக்கலவை செய்தவரின் உதவியாளர் வரை எல்லாப் பெயர்களையும் இப்போதே எழுதுகிறார்கள். அந்தப் பட்டியலை அனுப்புவது இசையமைப்பாளரின் அலுவலகம்தான். அடிப்படைக் குரல் என்று ஒரு வரி சேர்க்க எந்தச் சட்டத்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை இப்படி ஒரு பாடல் வெளியாகும்போது, குரல் எவ்வளவு பொருந்தியிருக்கிறது என்று கருத்துப்பெட்டியில் எழுதுபவர்கள், பாடியவர் யார் என்றும் சேர்த்துக் கேட்டால் போதும். அந்த அலுவலகங்களில் கருத்துகளைப் படிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.